கிட்ட வந்தால் மறைகிறவள்

எங்கள் லென்ஸ் பிரிவின் வாட்ஸாப் குழுவிலிருந்து ஓய்வு பெற்றவர்களை யாரும் நீக்குவதில்லை. அதனால் விழுப்புரத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது என்பது காலைக் காப்பிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். போன வாரம் அங்கே ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறது. கண்ணைப் படம் பிடித்து, லென்ஸ் என்ன வளைவில் இருக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். "இனிமே ட்ரயல் போட்டுப் பாக்கற வேலையே பாதி இல்ல மேடம்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கூடவே ஒரு கோரிக்கை: "உங்க சர்வீஸ்லயே ரொம்ப கஷ்டமான கேஸ் எதுன்னு எழுதுங்களேன். நாங்க கத்துக்கறோம்."

அவள் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஊசி முனை மாதிரி புடைத்த கண், எந்த லென்ஸும் நிற்காமல் வழுக்கி விழுந்த கண், அதை நான் எப்படி அடக்கினேன் என்ற வீரப்பிரதாபம். அப்படி நிறைய உண்டு. ஆனால் கஷ்டம் என்று கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது, லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்த ஒரு கண்தான். அந்தக் கேஸை நினைத்தால் இன்றும் கையில் மயிர்க்கூச்செறிகிறது. எழுதிவிடுகிறேன். கற்றுக்கொள்வதும் கற்றுக்கொள்ளாததும் உங்கள் பாடு.

வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. கருவிழி உருண்டு வழவழவென்று இருக்க வேண்டும். சிலருக்கு அது மெலிந்துபோய், உள்ளிருக்கும் அழுத்தத்தில் முன்னால் புடைத்துக் கூம்பாகிவிடும். பெரும்பாலும் இளவயதில். கெரட்டோகோனஸ் என்பது அதன் பெயர். மூக்குக் கண்ணாடி அதற்கு அவ்வளவாக உதவாது. கண்ணின் மேல் கெட்டியான சின்ன லென்ஸ் ஒன்றை மிதக்கவிட வேண்டும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்யும். பார்வை நேராகும். அந்த லென்ஸ் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பொருத்துவதுதான் என் பிழைப்பு.

சென்னையில் படித்தேன். அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி, இரண்டு தடவை அழுதுகொண்டே ஹாஸ்டலுக்குத் திரும்பியது, கல்யாணம், விழுப்புரம். அவ்வளவுதான் என் பூர்வ கதை. நான் சேர்ந்த கண் மருத்துவமனைக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ் பிடித்து அங்கே போவேன். மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஓர் அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குக் கறுப்புத்துணி அடித்து, எனக்கு இருட்டறையாகக் கொடுத்திருந்தார்கள்.

அந்த அறையில்தான் என் வேலை முழுக்க. மாதிரி லென்ஸ்கள் அடுக்கிய ட்ரயல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நோயாளியின் கண்ணில் வைப்பேன். கண் பொங்கும், மூக்கு ஒழுகும், சிலர் என்னைத் திட்டுவார்கள். கொஞ்சம் அடங்கியதும், சாயம் தோய்த்த சின்னத் தாளை நனைத்து இமையோரம் தொடுவேன். விளக்கை அணைத்து நீல ஒளியைப் போட்டால், கண்ணீர் முழுவதும் பச்சையாக ஒளிரும். லென்ஸ் எங்கே கருவிழியைத் தொடுகிறதோ அங்கே மட்டும் கறுப்பு. கூம்பின் உச்சியில் லேசாக, இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவில் ஒரு கறுப்பு தெரிந்தால் நல்லது. அழுத்தமாகத் தெரிந்தால் லென்ஸ் தேய்க்கிறது, தழும்பாகிவிடும். தெரியவே இல்லையென்றால் லென்ஸ் எட்டி நிற்கிறது. முதல்முறை கூட வந்து பார்க்கும் அம்மா, மனைவி எல்லாரும் பயந்துபோவார்கள். இருட்டில் முகம் தெரியாது. பச்சையாக எரியும் ஒரு கண் மட்டும் தெரியும். "சாமி வந்தாப்புல இருக்குது" என்று ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டது உண்டு.

எனக்கு மேலே இருந்தவர் கருவிழி டாக்டர். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். ஆள் என்னவோ குள்ளம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தன் ஆஸ்பத்திரியில் இருட்டறைக் கதவைத் தட்டிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டுத்தான் உள்ளே வருவார். நோயாளியிடம் "நல்லா தெரியுதா?" என்று கேட்கவே கூடாது அவருக்கு. "நல்லா தெரியுதான்னு கேட்டா, நம்ம மனசு நோகக் கூடாதுன்னு ஆமாம்பாங்க. என்ன தெரியுதுன்னு கேளுங்க." இரண்டாவது கட்டளை, வலி. நோயாளி வலிக்கிறது என்றால் வலி இருக்கிறது. நம் கண்ணுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் அது நம் கண்ணின் கோளாறு. கிடைக்கும்வரை தேட வேண்டும். நான் முன்கோபக்காரி. இந்த இரண்டாவது கட்டளை எனக்கு ரொம்ப நாள் செரிக்கவில்லை.

முதலாவது, "என்ன தெரியுது?" என்று கேட்பது, அதற்குள் ஒரு பாதாளமே இருக்கிறது. கூம்பு விழுந்த கண்ணுக்கு ஒன்று ஒன்றாகத் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் மற்றதில் இரண்டு மூன்றாகத் தெரியும். குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு தையல்காரர் வருவார். ரொம்ப அடக்கமான மனுஷன், பொம்பளைகளை நிமிர்ந்தே பார்க்க மாட்டார் என்று ஊரில் நல்ல பெயர். நான் கேட்டபோது குனிந்தபடியே சொன்னார்: "எதிர்ல இருக்கறவங்க மூஞ்சில மூணு வாய் தெரியும் மேடம். பேசச்சொல்ல மூணும் அசையும். பயமா இருக்கும். அதான் தரையப் பாத்தே பேசிக்கினு இருக்கறது." முண்டியம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன், லென்ஸ் போட்ட அன்று ராத்திரி வீட்டிலிருந்து போன் செய்தான். நிலா இவ்வளவு சின்னதா என்று கேட்டான். அவனுக்கு அதுவரை ஒரு கொத்து நிலாதான். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான்.

ஸ்டெல்லா ஒரு வெள்ளிக்கிழமை திண்டிவனம் கிளைக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மல்லாட்டை மண்டியில் கடலைக்காய் பொறுக்கும் வேலை. சொத்தைக் காயும் நல்ல காயும் கலந்து போடுகிறாள் என்று மேஸ்திரி திட்டியிருக்கிறார், அதனால் கண்ணைக் காட்ட வந்திருக்கிறாள். கூட வந்த கணவர் அந்தோணி அதே மண்டியில் மூட்டை தூக்குபவர். எட்டு வயதுப் பெண் ஒன்று, ஸ்கூல் யூனிபார்மில், அறைக்குள்ளிருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் எத்தனை என்றேன்.

"ஒண்ணுங்க" என்றார் அந்தோணி.

"ரெண்டு" என்றாள் ஸ்டெல்லா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அந்தோணி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். பிறகு வெளியே வராந்தாவில் வைத்துச் சொன்னார். இரட்டைப் பெண்கள். லூர்து மேரி, பாத்திமா மேரி. முந்தின வருஷம் காய்ச்சலில் பாத்திமா போய்விட்டாள். "கல்லறைக்குக்கூட இவ வரலைங்க. வூட்லயே குந்திக்கினு அழுவா. அழுது அழுது, ரெண்டு கையாலயும் கண்ணக் கசக்கிக் கசக்கி, இப்ப பார்வையே போச்சு. இன்னா சொல்லியும் கேக்க மாட்டேங்கறா மேடம், ஒரே பேஜாரு."

கசக்குவதுதான் இந்த நோய்க்கு நெய் வார்ப்பது. ஏற்கெனவே கொஞ்சம் மெலிந்திருந்த கருவிழியை அவளே அழுத்தி அழுத்திப் புடைக்க வைத்திருக்கிறாள். கருவிழியின் வரைபடம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கூம்பு. நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் சரிந்திருந்தது. இப்படிச் சரிந்திருந்தால் பார்க்கும் பொருளின் நகல், பக்கத்தில் தள்ளி விழும். ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். "இதோ பாரும்மா. கண்ணக் கசக்கவே கூடாது. கசக்கிக் கசக்கித்தான் இப்படி ஆகியிருக்கு. அதனாலதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது." அவள் தலையாட்டினாள். பெஞ்சில் இருந்த பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

சரிந்த கூம்புக்கு லென்ஸ் நிறுத்துவது சுலபமில்லை. பூசணிக்காய் மேல் தட்டு வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டே போகும். பெட்டியைப் பாதி காலி செய்த பிறகு கண்ணுக்கு ஒன்றாக இரண்டு நின்றன. நீல ஒளியில் பார்த்தேன். உச்சியில் லேசான கறுப்பு, சுற்றிலும் மெல்லிய பச்சை, ஓரத்தில் அகலமான பச்சை. பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம். விளக்கைப் போட்டு எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடைசி வரிக்கு மேல் வரிவரை படித்துவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"அம்மா" என்று வராந்தாவில் குரல் கேட்டது. லூர்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியே ஸ்டெல்லா அவளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால், குழாயடிவரைக்கும். எதையோ தொலைத்தவள் தேடுகிற மாதிரி கண் அலைந்தது. என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது.

"கழட்டுங்க மேடம். வலிக்குது. கழட்டுங்க."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. லென்ஸ் செய்து வந்தது. போட்டுக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி வந்து, வலிக்கிறது என்றாள். ஓரத்தை மழுக்கினேன். வலிக்கிறது. அகலத்தைக் குறைத்தேன், வளைவை மாற்றினேன். வலிக்கிறது. கண்ணில் சிவப்பு இல்லை, கீறல் இல்லை, இமையைப் புரட்டிப் பார்த்தால் ஒரு தடிப்புகூட இல்லை. பெரிய டாக்டரிடம் போய்க் குறைப்பட்டுக்கொண்டேன். "வலிக்குதுன்னா வலிக்குது. தேடுங்க" என்றார். எரிச்சலாக வந்தது. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். தேடுகிறவள் நான் அல்லவா.

பிறகு ஒருநாள் லென்ஸ் ஊறப்போடும் மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். நான் கொடுத்த அன்று இருந்த அளவு அப்படியே இருந்தது. வீட்டில் இவள் லென்ஸைப் போடவே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, போடாத லென்ஸு எப்படிம்மா வலிக்கும்? என்னப் பாத்தா கேணச்சி மாதிரி தெரியுதா?"

அவள் எழுந்து முகம் கழுவ வெளியே போனாள். அறையில் நானும் லூர்துவும் மட்டும். பெஞ்சின் ஓரத்தில், அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் உட்காருவாள், நான்தான் கவனித்ததில்லை.

"உங்கம்மா வூட்ல லென்ஸே போடறதில்லயா பாப்பா?"

"போட்டா அவ போயிடுவா மேடம்."

"யாரு?"

"பாத்திமா." மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அம்மா என்னப் பாக்காது. எனக்குப் பக்கத்துல பாக்கும். அங்கதான் அவ நிப்பா."

சொல்லிவிட்டு, பெஞ்சில் காலியாக இருந்த இடத்தின் பக்கம் லேசாகத் திரும்பிச் சிரித்தாள். அறையில் அப்போது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டப்பகல், வெளியே ஆட்டோ சத்தம். ஆனாலும் எழுந்து போய் ஜன்னல் கறுப்புத்துணியை விலக்கிவிட்டேன்.

ஸ்டெல்லா திரும்பி வந்ததும் கோபப்படாமல் கேட்டேன். டாக்டரின் கேள்வியைத்தான் கேட்டேன். "என்ன தெரியுதும்மா?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. சாயங்காலம் வந்து பாருங்க மேடம்."

போயிருக்க வேண்டாம். நோயாளி வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கமும் இல்லை. ஆனால் போனேன். மண்டித் தெருவைத் தாண்டி, வயலை ஒட்டி அவர்கள் காலனி. நீளமான ஒரே தெரு. ஒரு கோடியில் மாதா சிலை வைத்த சின்னக் கெபி, மறு கோடியில் ஸ்டெல்லாவின் வீடு. பொழுது சாய்ந்து, தெருவிளக்குகள் அப்போதுதான் போட்டிருந்தார்கள். நான் போன நேரத்தில் தெருவில் ஒரு குழந்தையும் விளையாடவில்லை. இரண்டு மூன்று வீட்டில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தோணி வாசலில் பீடியோடு நின்றவர், என்னைப் பார்த்ததும் அதை அணைத்துவிட்டு, "நீங்களாவது சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்டெல்லா வாசற்படியில் நின்றாள். "போ லூர்து" என்றாள்.

அந்தப் பெண் கெபிவரை நடந்து போய், திரும்பி நின்றது.

"வா."

லூர்து வந்தாள். தெரு நடுவில் வரவில்லை. இடப்பக்கச் சுவரை ஒட்டி வந்தாள். வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, விரல்களை லேசாக மடக்கி வைத்திருந்தாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக. அந்த வயதுப் பெண்ணிடம் அப்படி ஒரு நடையை நான் பார்த்ததே இல்லை.

"அதோ" என்றாள் ஸ்டெல்லா என் காதருகில். "ரெண்டு பேரும் வராங்க பாருங்க. இவ பக்கத்துல. கொஞ்சம் வெளுத்துப் போய் இருக்கா. அவ எப்பவுமே நோஞ்சான்தான் மேடம். இவ எட்டு வச்சா அவளும் எட்டு வப்பா."

அவளுக்கு என்ன தெரிகிறது என்று எனக்கு மிகச் சரியாகத் தெரியும். மங்கின வெளிச்சத்தில் கண்பாவை விரியும். விரிந்தால் சரிந்த கூம்பு முழுவதும் வேலை செய்யும். தூரத்தில் இருக்கும் ஓர் உருவத்தின் நகல், பக்கத்தில் தனியாக, மங்கலாக விழும். இதை நான் வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அதெல்லாம் அந்தத் தெருவில் எனக்கு உதவவில்லை. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே அந்தப் பெண் வந்தபோது தரையில் இரண்டு நிழல் விழுந்தது. இரண்டு விளக்கு இருந்தால் இரண்டு நிழல் விழத்தான் செய்யும். ஆனாலும் நான் அவற்றை எண்ணிக்கொண்டு நின்றேன்.

லூர்து நெருங்க நெருங்க ஸ்டெல்லாவின் முகம் மாறியது. "கிட்ட வந்தா அவ இவளுக்குள்ள போயிடறா" என்றாள். "இந்தக் கல்லத் தாண்டுனா ஒண்ணாயிடறாங்க. அப்பறம் இவ மட்டும்தான்." குரலில் ஒரு வெறுப்பு இருந்தது. பிள்ளை படியருகே வந்து நின்றது. தாய் அதன் தலையைக்கூடத் தொடவில்லை.

"திரும்பிப் போ" என்றாள்.

லூர்து திரும்பிப் போனாள்.

நான் நின்ற நேரத்துக்குள் எத்தனை தடவை நடந்தது என்று சொல்ல முடியாது, நான் பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இருட்டிய பிறகும் நடந்தது. தூரத்தில் வெள்ளைச் சட்டை மட்டும் அசைந்து வருவது தெரிந்தது.

"தெரியறாளா மேடம்?" என்று ஸ்டெல்லா கேட்டாள். கெஞ்சுகிற குரல். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. "எனக்கு அந்தக் கண்ணு இல்லையேம்மா" என்றேன். பஸ் ஸ்டாண்டுவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. விழுப்புரம் வரைக்கும் அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார், அல்லது மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவங்களை அனுப்ப வேண்டிய எடத்துக்கு நானே பேசி அனுப்பறேன். ஆனா லென்ஸ் வேணாம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு. நாம கட்டாயப்படுத்த முடியாது." பிறகு, "அந்தப் பொண்ணு கண்ணப் பாத்தீங்களா? அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம். அடுத்த தடவ கூட்டி வரச் சொல்லுங்க" என்றார்.

பார்க்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது அந்தப் பிள்ளை. பார்த்ததில்லை நான்.

அந்தோணிக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த வெள்ளி மூன்று பேரும் வந்தார்கள். லூர்துவை ஸ்டூலில் ஏற்றி, தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, உள்ளே பார்த்தேன். வெள்ளை விழி முழுக்கச் செக்கச்செவேல். இமை மயிர் பாதி ஒடிந்திருந்தது. சாயம் தொட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியைப் போட்டேன். கருவிழியின் மேல் பச்சைப் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. தேய்த்துத் தேய்த்து மேல்தோல் உரிந்த கண்.

"கண்ணு அரிக்குதா பாப்பா?"

"இல்ல."

"உறுத்துதா?"

"இல்ல."

"பின்ன ஏன் இப்படிப் போட்டுக் கசக்கற?"

இருட்டில் அந்தப் பச்சைக் கண்கள் என்னையும் தாண்டி, அம்மா நின்ற திசையைப் பார்த்தன.

"நீங்கதான சொன்னீங்க" என்றாள் லூர்து. "கசக்குனா ஒண்ணு ரெண்டா தெரியும்னு."

வெளியே யாரோ யாருடைய பெயரையோ கூப்பிடுவது கேட்டது.

"அம்மாவுக்கு மட்டும்தான் அவ தெரியறா. என் பக்கத்துலதான் நடக்கறா, எனக்குத் தெரியல. ராவுல படுத்துக்கினு கசக்குவேன். ஸ்கூல்ல பெஞ்சுக்குக் கீழ குனிஞ்சி கசக்குவேன். இன்னும் வரல மேடம். இன்னும் எவ்ளோ நாள் கசக்கணும்?"

நான் எழுந்து விளக்கைப் போட்டேன். சுவிட்சைத் தேடித்தான் போட வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்ன எச்சரிக்கை அது. அதை ஒரு வழி என்று எடுத்துக்கொள்ள ஒரு பிள்ளை இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஸ்டெல்லா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இல்லை, மகளைத்தான்.

"மேடம், இவளுக்கும் என்னாட்டமே ஆயிடுமா?"

"இன்னும் ஆகல. படம் எடுத்துப் பாத்துடறேன். ஆனா இப்படியே கசக்கிக்கினு இருந்தா ஆயிடும். ஒடம்பு வாகும் உன்னுதுதான் அவளுக்கு."

"கசக்காதன்னா கேப்பாளா?"

"நீ சொன்னா கேப்பா. நான் சொல்லி என்ன பண்றது? நீ அவளப் பாத்துக்கினு இருக்கற வரைக்கும் இவளும் பாக்கணும்னுதான் நெனப்பா."

கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று அப்போதே தோன்றியது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்து, அதிலிருந்து லென்ஸ் டப்பாவை எடுத்தாள். இத்தனை நாளும் அதைக் கூடவேதான் வைத்திருந்திருக்கிறாள்.

"போட்டுவுடுங்க."

லென்ஸைக் கழுவி, மருந்திட்டு, முதலில் வலது, பிறகு இடது. கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். இரண்டும் நகர்ந்து, தானாக நடுவுக்கு வந்து நின்றன. அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்தோணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றார்.

"லூர்து, அந்தக் கோடிக்குப் போய் வா" என்றாள் ஸ்டெல்லா.

லூர்து குழாயடிவரை போய்த் திரும்பினாள். பழகின அதே நடை. சுவரை ஒட்டி, ஒரு கையைத் தள்ளி நீட்டி, விரலை மடக்கி. தாய்க்கு அது இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. யாருமில்லாத இடத்தில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளை தனியாக நடந்து வருவது. ஸ்டெல்லாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பாதி வழியில் லூர்து நின்றாள்.

"ரெண்டு பேரும் வர்றோமா அம்மா?"

ஒரு வார்த்தையில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம், இவளுக்கும் சந்தோஷம்.

"இல்லடி" என்றாள் ஸ்டெல்லா. "நீ மட்டும்தான் வர்ற."

"அவ?"

"பாத்திமா செத்துப் போயிட்டாடி." குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "அவ செத்துப் போயிட்டா. நீ வா."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை என்று அந்தோணி பிறகு சொன்னார். சவப்பெட்டியை மூடும்போதுகூட அவள் அதைச் சொல்லவில்லையாம்.

லூர்து வந்தாள். அம்மாவின் முழங்காலை இடித்துக்கொண்டு நின்று, அவள் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது மாதிரி இருந்தது. ஸ்டெல்லாவுக்குக் கண்ணீர் பெருகிவிட்டது. புது லென்ஸோடு அழுதால் உறுத்தும், தாங்காது. கை தானாகக் கண்ணுக்குப் போகும். அவளுடைய இரண்டு கையும் பாதிவரை உயர்ந்தன. லூர்துவின் பார்வை அந்தக் கைகளோடு மேலே வந்தது.

ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். கைகளைக் கீழே இறக்கினாள். இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் தொடாமல், மகளைப் பார்த்தபடியே அழுதாள்.